உன் பக்கமும்

நோட்டைப் பிரித்ததும் உள்ளேயிருந்து மண் கொட்டியது. முக்காலிமேல் நின்றபடியே தில்லைநாயகம் அதை வெறித்துப் பார்த்தார். மேலட்டை அப்படியே இருந்தது. கீழட்டை அப்படியே இருந்தது. அட்டையில் ஒட்டிய வெள்ளைத் தாளில் 'சபாபதி' என்று அவர் எழுதிய பேர்கூட முத்து முத்தாக அப்படியே இருந்தது. நடுவில், பதினோரு வருஷம் இருந்த இடத்தில், ஈர மண்ணும் சல்லடையாய்ப் போன தாளும் நொய்யரிசி மாதிரி வெளுப்பாக நெளிகிற பூச்சிகளும்தான் இருந்தன. கரையான். சனியனே, என்றார். வாய்க்குள்தான் சொன்னார். முக்காலிக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டிலில் புனிதவதி மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். அவள் எழுந்தால் முதல் கேள்வி 'மறுபடியும் அந்த நோட்டா' என்பதாகத்தான் இருக்கும், முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு இது தெரியாதா. தூங்கட்டும். தம்பி சபாபதியின் அக்கிரமங்களை எழுதிவைக்கிற நோட்டு அது. பாகம் பிரித்து நடுக்கூடத்தில் சுவர் எழுப்பின நாளிலிருந்து ஒன்று விடாமல், தேதி போட்டு, கிழமை போட்டு, மணி போட்டு எழுதியிருந்தார். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்த கை, ஒரு புள்ளி தப்பாது, ஒரு கொம்பு தப்பாது. கூறைநாட்டில் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கல்யாணப் பத்திரிகை பிழையோடு வெளியே போனதில்லை. இன்றைக்கு எழுத வந்தது சின்ன விஷயம்தான்: ஐப்பசி ஒன்பது, மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, காலை ஒன்பதிலிருந்து அந்தப் பக்கத்து ஊஞ்சல் ஓயவில்லை, வேண்டுமென்றே. 'வேண்டுமென்றே' இல்லாமல் அந்த நோட்டில் ஒரு குறிப்பும் முடியாது. அந்தச் சொல்தான் மிச்சம் இருந்தது இப்போது. தாளின் தையல் பக்கத்தை எல்லாம் தின்றுவிட்டு ஓரத்தை மட்டும் விட்டிருந்தன பாவிகள். பக்கம் பக்கமாகப் புரட்டினால் என்ன நடந்தது என்று இல்லை, யார் செய்தது என்று இல்லை, வெறும் வேண்டுமென்றே, வேண்டுமென்றே, வேண்டுமென்றே. அவருக்கே அதைப் படிக்க என்னவோ போலிருந்தது.

எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டாமா? அலமாரியின் மேல்தட்டில், நோட்டு இருந்த மூலையிலிருந்து, சுவரோடு சுவராகச் சுண்டுவிரல் பருமனில் ஒரு மண்கோடு மேலே ஏறியது. நகத்தால் கீறினார். உதிர்ந்தது, உள்ளே ரயில் மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, வெளிச்சம் பட்டதும் திசை கெட்டு ஓடின. கோடு நேரே உத்திரத்துக்குப் போனது. தேக்கு உத்திரம், அப்பா பர்மாத் தேக்கு என்று பெருமையடித்த உத்திரம், நடுக்கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துக் கடைசிச் சுவர் வரைக்கும் ஒரே கட்டையாக ஓடுவது. வார்னிஷ் நன்றாகத்தான் இருந்தது. விரல் முட்டியால் தட்டினார். மரம் தட்டின சத்தமா அது? தகர டப்பாவைத் தட்டினாற்போல இருந்தது. ஒரு சாண் தள்ளித் தட்டினார், அங்கேயும் டொக்கு. அலமாரித் தட்டில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து லேசாக, ரொம்ப லேசாக, குத்திப் பார்த்தார். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது, தயிருக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி. வெளியே இழுத்தபோது கூடவே ஒரு கைப்பிடி மண் பொலபொலவென்று புனிதவதியின் காலடியில் விழுந்தது. சரசரவென்று குனிந்து போர்வையைத் தட்டிவிட்டார். அவள் குறட்டையின் தாளம் ஒரு நொடி தப்பி மறுபடி சேர்ந்துகொண்டது, இடி விழுந்தாலும் லேசில் கலையாத மத்தியானத் தூக்கம். இவள் சொன்னாள்தான். போன மாசமே சொன்னாள், வாசக்கால் பொருமியிருக்கு, பெயின்ட் தோசைக் கொப்புளம் மாதிரி எழும்புதுன்னு. அதற்கு முன்னால் மழை விட்ட சாயங்காலம் ஜன்னல் விளிம்பில் ஈசல் இறக்கையை வாரி முறத்தில் கொண்டுவந்து காட்டினாள்: 'பாருங்க, வெளியேருந்து வர்ற ஈசல் இல்ல இது, நம்ம வாசக்கால்லேருந்தே கிளம்புது, உள்ள கூடு கட்டியிருக்கு கரையான்.' அவள் சேலத்துப் பெண், அவள் வந்த பிறகுதான் இந்த வீட்டுக்குள் அந்தப் பேரே புழங்கியது. அப்பா இருந்தவரை கரையான் என்று வாய் திறந்து சொல்ல விடமாட்டார், கரையிற பேச்சு வீட்டுக்குள்ள எதுக்கு என்பார். ஒரு ஆளையும் கூட்டிவந்தாள் அவளே. தோளில் மருந்து டப்பாவோடு ஒரு நோஞ்சான். டெர்மைட் டெர்மைட் என்று பேசினான். வாசக்காலைக் குத்திப் பார்த்துவிட்டு வரிசையாகக் குற்றம் கண்டுபிடித்தான்: குளிக்கிற ரூம் குழாய் ஒழுகுது சார், அந்த ஈரம்தான் அதுக்குத் தண்ணிப் பந்தல், பழைய பேப்பரைச் சுவத்தோட சாத்தி அடுக்கி வச்சிருக்கீங்க, அது சாப்பாடு, கொல்லையில விறகு சுவத்துல முட்டுது, அது ஏணி. எல்லாம் அவர் செய்த தப்பு என்கிற மாதிரி. இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னானே ஒன்று, அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது: 'பக்கத்து வீடும் இதே கூரைதானே சார்? ஒரு பக்கம் மட்டும் மருந்து அடிச்சா அது அந்தப் பக்கம் போயிடும். ரெண்டு வீட்லயும் ஒரே நாள்ல சுவரோரம் ஓட்டை போட்டு ஊத்தணும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு வையுங்க.' ஒரு வார்த்தையாம். கேட்டு வைக்கணுமாம். அப்புறம் பாக்கலாம்ப்பா என்று வாசலோடு அனுப்பிவிட்டார். நடுக்கூடத்துக்குள் அவனை விடவே இல்லை. சபாபதியிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குப் பதிலாக வாசக்கால் மண்ணாகப் போனால் போகட்டும்.

இப்போது உத்திரம். வாசக்கால் வேறு, உத்திரம் வேறு. மண்கோடு உத்திரத்தின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு போய், பாகச் சுவரில் முட்டி, சுவருக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைந்து மறைந்தது. அந்தப் பக்கம் போயிருக்கிறது. அல்லது அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அதுதான் சரி, அவன் பக்கத்திலிருந்து வராமல் வேறெங்கிருந்து வரும், நல்லது எதுவாவது அங்கிருந்து வந்திருக்கிறதா இத்தனை வருஷத்தில்? ஏவிவிட்டிருப்பான். பூச்சியை ஏவ முடியுமா என்று அறிவு கேட்டது. முடியும், அவனால் முடியும் என்று மனசு சொன்னது. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊஞ்சல் மறுபடி ஆரம்பித்தது. கிறீச், கிறீச். சுவருக்கு மேலே ஓடு வரைக்கும் இருந்த இடைவெளியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள், ஆள் தெரியாதே தவிர அவர்கள் வீட்டில் கொட்டாவி விட்டால்கூட இங்கே கேட்கும். ஊஞ்சல். அதுவும் இந்த உத்திரத்தில்தான் தொங்குகிறது. தில்லைநாயகத்தின் கை ஸ்க்ரூடிரைவரோடு அந்தரத்தில் நின்றது. இதே உத்திரம், இதே கட்டை, அந்தப் பாதி. எந்த ஊஞ்சலுக்காக இந்தச் சுவரே வந்ததோ அந்த ஊஞ்சல். அப்பா சாப்பிட்டுவிட்டு ஆடின ஊஞ்சல், அப்பா போன பிறகு மூத்தவன் என்ற முறையில் தனக்கு வந்திருக்க வேண்டிய ஊஞ்சல். கூடத்தைச் சரிபாதியாக அளந்து கோடு போட்டபோது ஊஞ்சல் கொக்கி நாலும் இவர் பக்கம்தான் விழுந்தது, சத்தியமாக விழுந்தது, சுண்ணாம்புக் கோட்டைத் தன் கண்ணால் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் கோடு ஒரு அடி இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. கொத்தனார் தலையைச் சொறிகிறான். கையில் டீ கிளாஸ். யார் வீட்டு டீ? கோமளத்தின் டீ. சபாபதி பெண்டாட்டி போட்ட டீயைக் குடித்துவிட்டு அந்தப் பயல் கோட்டை அழித்து மாற்றிப் போட்டிருக்கிறான். நோட்டில் முதல் பக்கம், முதல் குறிப்பு அதுதான், இப்போது மண்.

சரி, சொல்லிவிடு. சொல்வதற்கு என்ன? உத்திரம் உளுத்துப் போயிருக்கிறது, ஊஞ்சலை அவிழ்த்துவிடு. ரெண்டு வாக்கியம். அவ்வளவுதானே? அவ்வளவுதான். ஆனால் யார் முதலில் பேசுவது? பதினோரு வருஷத்தில் இவர் அவனிடம் வலியப் போய் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள், பாயசம் வருவதற்குள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தவர் அவர். இப்போது போய் அவன் வாசலில் நின்று, ஈரத் துண்டோடு, தம்பீ என்று கூப்பிட்டால் அவன் என்ன செய்வான்? சிரிப்பான். உதட்டை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, சின்ன வயசிலிருந்து சிரிக்கிற அதே சிரிப்பு. பயமுறுத்தி ஊஞ்சலை அவிழ்க்க வைக்கப் பார்க்கிறான், கண்ணு இன்னும் ஊஞ்சல் மேலதான் என்பான். கோமளம் அதைத் தெரு முழுக்கச் சொல்லுவாள். சொல்லாமல் விட்டால்? விட்டால் என்ன, தட்டிப் பார்க்க அவனுக்குக் கை இல்லையா, பார்க்கக் கண் இல்லையா, தன் வீட்டுக் கூரையைத் தான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாத்துக்க. அந்தச் சொல் வந்ததும் அவருக்கு நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. பாத்துக்க! நோட்டிலேயே பெரிய குறிப்பு அது, ஒரு முழுப் பக்கம், போன வருஷம் பங்குனியில் எழுதியது. கரையான் தின்றால் என்ன, அவருக்கு மனப்பாடம். மகள் மாதங்கி ஷார்ஜாவிலிருந்து புதுப் போன் அனுப்பியிருந்தாள், விரலால் தேய்க்கிற போன், அன்றைக்குத்தான் வந்தது. கொல்லையில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார், கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினார், நாலு பேருக்குக் கேட்டால் கேட்கட்டுமே. கொல்லை மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. சபாபதி. பத்து வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாக வாயைத் திறந்தான். என்ன சொன்னான்? 'உன் பக்கமும் செல்லு வந்திருக்கு போல. பாத்துக்க.' அண்ணே என்று ஒரு வார்த்தை இல்லை. உன் பக்கமும்! அந்த 'உம்' இருக்கிறதே, அந்த ஒரு 'உம்'மை வைத்து அவர் மூணு நாள் தூங்கவில்லை. எங்களுக்கெல்லாம் எப்பவோ வந்தாச்சு, கடைசியில் உனக்கும்கூட வந்துவிட்டதா என்கிற 'உம்'. முப்பத்தொரு வருஷம் எழுத்துக்கூட்டிப் பிழைத்தவனிடம் வந்து எந்த இடத்தில் எந்த 'உம்' குத்தும் என்று காட்டுகிறான். பாத்துக்க என்றால் என்ன அர்த்தம்? மிரட்டலா? கீழே போட்டு உடைத்துவிடாதே கிழவா என்று நக்கலா? இவரும் சும்மா விடவில்லை. கையை உயர்த்தி, போனை அவன் மூஞ்சிக்கு நேரே தூக்கிக் காட்டி, 'ஆமாடா, வந்திருக்கு. எம் பொண்ணு அனுப்பினது. வயிறு எரியுதா?' என்றார். அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். திறந்த வாயை மூடாமலே மதிலுக்குப் பின்னால் இறங்கிப் போனான். ஜெயித்த நாள் அது. அதற்கப்புறம் அவனும் பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த மனுஷனுக்கா போய்ச் சொல்வது? போனுக்கு வயிறெரிந்தவனுக்கா? தில்லைநாயகம் முக்காலியில் காலை மாற்றி வைத்தார், முழங்கால் கடுத்தது. கிறீச், கிறீச். முன்னெல்லாம் இந்த ஊஞ்சல் இப்படிக் கத்தாது; மரம் முனகுகிற மாதிரி ஒரு கனத்த சத்தம், ஊம்ம் ஊம்ம் என்று, அதைக் கேட்டுக்கொண்டேதான் அவரும் சபாபதியும் தூங்கி வளர்ந்தார்கள். ஒன்றரை வருஷமாகத்தான் இந்தக் கிறீச். எண்ணெய் போடக்கூட நாதியில்லை. அந்தப் பங்குனி முழுக்கவே அவன் அட்டூழியம் தாங்க முடியவில்லை, நாலு நாள் ரம்பம், ரெண்டு நாள் டிரில், ஏதோ மருந்து நாற்றம், புனிதவதிக்குத் தலைவலி; தார்ப்பாய் போட்டு மூடி லாரியில் நீளமாக என்னத்தையோ கொண்டுவந்து இறக்கினார்கள், மாடி எடுக்கப் போகிறான் போலிருக்கிறது, பவிசு. எல்லாம் குறித்து வைத்திருந்தார். அதெல்லாம் இப்போது எதற்கு? இப்போது ஊஞ்சலில் ஆடுவது யார்? கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. குழந்தை. சபாபதியின் பேத்தி, ஒண்ணாங்கிளாஸ். பேர் யாழிசை. அந்தப் பேரை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, ஆனால் கோமளம் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டால் காதில் விழாமல் எங்கே போகும். மூணு மாசம் முன்னால் தெருவில் மழைத் தண்ணீரில் நின்றுகொண்டு அவரைப் பார்த்து, 'நீங்கதானே சுவத்துக்குள்ள இருக்கிற தாத்தா?' என்று கேட்டது. பதில் சொல்லாமல் நடந்துவிட்டார். சுவத்துக்குள்ள இருக்கிற தாத்தா. யார் சொல்லிக் கொடுத்தது? அதையும் குறித்தார், வேண்டுமென்றே போட்டார், போட்ட பிறகு ஏனோ கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது அது ஆடுகிறது. உத்திரம் உள்ளே வெறும் மண். சங்கிலி இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது. விழுந்தால் முதலில் பலகையா விழும், கட்டையா விழும்? கட்டை விழுந்தால் அதோடு ஓடு, சட்டம், எல்லாம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது நடந்து முடிந்துவிட்ட மாதிரியும், சபாபதி தெருவில் மாரில் அடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரியும், தான் வாசலில் நின்று பார்க்கிற மாதிரியும் தோன்றியது. தோன்றியதில் ஒரு இனிப்பு இருந்தது. சீ. நான் எதுவும் செய்யவில்லையே, பூச்சிதானே தின்றது, நான் சும்மா நின்றேன், அவ்வளவுதான். சும்மா நின்றதுக்கு யாராவது கேஸ் போட முடியுமா? இந்தப் பக்கத்துக்கு ஒன்றும் பயமில்லை, இந்தப் பக்கம் என்ன ஊஞ்சலா தொங்குகிறது, கனமெல்லாம் அந்தப் பக்கம்தான். கீழே புனிதவதி புரண்டு மல்லாந்து படுத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளைத் தாண்டி அவர் கண் சுவரிலேயே இருந்தது.

ஆறு வயசில் சபாபதியும் இப்படித்தான் ஆடுவான், நின்றுகொண்டு, உட்கார்ந்தால் அது ஊஞ்சல் இல்லை என்பான். தள்ளுவது இவர் வேலை. இன்னும் அண்ணே, இன்னும் அண்ணே. ஒருநாள் ஆத்திரத்தில் ஓங்கித் தள்ளினார். என்ன ஆத்திரம் என்று இப்போது நினைவில்லை, ஏதோ பம்பரம், ஏதோ மிட்டாய். பறந்துபோய் நிலைப்படியில் மோதி மோவாய் கிழிந்தது. அப்பா பெல்ட்டை எடுத்தபோது அவன்தான் ரத்தத்தோடு சொன்னான், அண்ணன் தள்ளலப்பா, நானே விழுந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது, மதிலுக்கு மேலே தலை எழும்பினபோதுகூடத் தெரிந்தது. இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? அவன் அன்றைக்குப் பொய் சொன்னதுகூட நல்லவன் பேர் வாங்கத்தான், பொறந்ததிலேர்ந்து இதே வேலைதான் அவனுக்கு. எரிச்சலாக இருந்தது. தன் மேலேயே எரிச்சலாக இருந்தது. அந்தப் பக்கம் குழந்தை எண்ண ஆரம்பித்திருந்தது. பதினொண்ணு, பன்னெண்டு. எண்ண எண்ண வேகம் கூடியது. 'மெதுவாடி' என்றாள் கோமளம், அடுப்படியிலிருந்து. நின்னுக்கிட்டு ஆடுது போலிருக்கு, சத்தத்திலேயே தெரிகிறது, கால் மாற்றி உந்துகிற சத்தம். பதினஞ்சு. பதினாறு. உத்திரத்தில் வைத்திருந்த அவர் உள்ளங்கைக்கு அடியில் என்னவோ நகர்ந்த மாதிரி இருந்தது. பூச்சியா, கட்டையா? பதினேழு. ஒரு துளி மண் அவர் மணிக்கட்டில் விழுந்தது. யார் முதலில் பேசுவது, யார் முதலில், பதினெட்டு, நான் ஏன், அவன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு அண்ணே, பத்தொன்பது. தகரத்தில் கையால் படபடவென்று அடித்தார். 'டேய் சபா! குழந்தைய இறக்குடா! உத்திரத்துல செல்லுடா! செல்லு! உத்திரம் பூரா செல்லு!'

ஊஞ்சல் நின்றது. அவர் குரல் தகரத்தில் பட்டு அவர் காதுக்கே திரும்பி வந்தது. செல்லு. கரையான் என்று ஏன் சொல்லவில்லை? அப்பா போனதிலிருந்து கரையான் என்றுதானே சொல்கிறார், நோட்டைப் பிரித்தபோதுகூட மனசுக்குள் கரையான் என்றுதானே சொன்னார். ஆனால் பதறிப்போய்க் கத்தினபோது வாயிலிருந்து வந்தது அந்தப் பழைய சொல், அப்பா சொல்ல விட்ட ஒரே பேர். மழைக்காலம் வந்தால் பெட்டி பெட்டியாகத் துணியை வெயிலில் போட்டுக்கொண்டு, செல்லு ஏறியிருக்கா பாருங்கடா என்று அம்மா ரெண்டு பேரையும் ஏவின சொல். செல்லு. இந்த ஊரில் மற்றவர்களுக்கு அது இப்போது போன். இந்த வீட்டில் பிறந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான், உயிரோடு இருக்கிற ரெண்டே ரெண்டு பேருக்கு மட்டும்தான்... தில்லைநாயகத்தின் கை தகரத்திலேயே ஒட்டிக்கொண்டது. உன் பக்கமும் செல்லு வந்திருக்கு போல. பாத்துக்க. மதிலுக்கு மேலே எழும்பின தலை. கையில் ரம்பத்தூளோ என்னவோ அப்பியிருந்தது, அதைக்கூடப் பார்த்தாரே, பார்த்துவிட்டு எழுதினாரே. ரம்பம், டிரில், மருந்து நாற்றம், லாரியில் நீளமாக ஒன்று. உன் பக்கமும். 'உம்'மில் ஒரு கெடுதலும் இல்லை. அதைவிடச் சரியான 'உம்' அந்த வாக்கியத்தில் போட முடியாது. இவர் போனைத் தூக்கிக் காட்டி வயிறு எரியுதா என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. செருப்பில்லாத கால் நடந்து வந்து சுவருக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு சபாபதியின் குரல், கிட்டத்தில், உணர்ச்சியே இல்லாமல்: 'இந்தப் பக்கம் சுவத்தோட அறுத்து எடுத்துட்டு இரும்பு போட்டாச்சு. ஒன்றரை வருஷமாச்சு.' பிறகு, 'அன்னிக்கே சொன்னேன்.' தெளிவாகச் சொல்லித் தொலைத்திருக்க வேண்டியதுதானே, கரையான் என்று சொன்னால் உன் நாக்கு அழுகியா போயிடும், அப்பா செத்து இருபது வருஷமாகுதே என்று கத்த வேண்டும்போல தில்லைநாயகத்துக்கு வெறி வந்தது. அவன் சொல்லிவிட்டான். சொல்லாமல் விட்டிருந்தால்கூட மன்னித்துவிடலாம், சொல்லிவிட்டான், அதைத்தான் தாங்க முடியவில்லை. 'அறுத்த மிச்சம்தான் உன் தலைக்கு மேல நிக்குது' என்றது குரல். பிறகு சட்டென்று மாறி, 'அண்ணி எங்க?' என்றது. 'மத்தியானத்துல அதுக்குக் கீழதானே படுப்பாங்க. குறட்டை கேக்குது. எழுப்பு.'

தில்லைநாயகம் கீழே பார்த்தார். கட்டில் உத்திரத்துக்கு நேர் கீழே இருந்தது. பதினோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் குத்தின ஓட்டை அவள் கால்மாட்டுக்கு மேலே. தட்டிவிட்டது போக மிச்ச மண் போர்வை மடிப்பில் இன்னும் இருந்தது. இவ்வளவு நேரம் அங்கேயே நின்றுகொண்டு, அவள் தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, அவர் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட அவளை நினைக்கவில்லை. முக்காலியிலிருந்து எப்படி இறங்கினார் என்று தெரியாது. முழங்கால் கட்டில் சட்டத்தில் மோதியது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினார், 'புனிதம், எந்திரி, எந்திரிடி' என்று உலுக்கினார், அவள் திடுக்கிட்டு எழுந்து மாராப்பைச் சரிசெய்வதற்குள் கையைப் பிடித்து வாசல் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு திரும்பி வந்து, உத்திரத்தை அண்ணாந்து பார்க்காமல், கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தரையில் கறகறவென்று இழுத்தார். பழைய இரும்புக் கட்டில், ஒரு ஆள் இழுக்கிற கனம் இல்லை. நோட்டு கட்டிலுக்கு அடியில் விழுந்திருந்தது. கட்டில் கால் அதன்மேல் ஏறி இறங்கியது.

'என்னங்க இது, என்ன ஆச்சு?' என்றாள் புனிதவதி, அறை வாசலில் கலைந்த கொண்டையோடு நின்று. 'யாரோ பேசின மாதிரி இருந்துச்சே. சபாத் தம்பி குரலா?'

'யாரும் பேசல.'

'அப்ப ஏன் கட்டிலைப் போட்டு இழுக்கிறீங்க?'

'உத்திரம் உளுத்துப் போச்சு. இனிமே இங்க படுக்கக் கூடாது. நாளைக்கு அந்த மருந்துக்காரனை வரச்சொல்லு.'

அவள் உத்திரத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் காலடி இன்னும் நகரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. இங்கே பேசுவது எல்லாம் அங்கே கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டு அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

'யாரு சொன்னா?' என்றாள் புனிதவதி.

தில்லைநாயகம் கட்டிலை இன்னொரு இழுப்பு இழுத்தார். வியர்வை கண்ணில் இறங்கியது.

'எனக்கே தெரியும்' என்றார், சுவருக்குக் கேட்கிற மாதிரி.

பிறகு அந்தப் பக்கத்துக் காலடி விலகிப் போனது. 'ஆடு பாப்பா' என்றான் சபாபதி.